திருநங்கையர்: பெண்களுக்கான இடங்களும் சேவைகளும் (தமிழ்நாடு)

பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பேருந்துச் சலுகை, உதவித்தொகை, அரசுப் பணி, கழிப்பறை, சிறை ஆகியவற்றில் திருநங்கையருக்கு எந்த அளவு இடமுண்டு என்பதை ஒரே சட்டம் முடிவுசெய்துவிடவில்லை. தமிழ்நாட்டில் அது அரசாணை அரசாணையாக, வழக்கு வழக்காக வந்தது. 2008 ஏப்ரலில் அமைந்த திருநங்கைகள் நல வாரியம், பெண்கள் நலத்தையும் கவனிக்கும் சமூக நலத் துறையின் கீழேயே இயங்குகிறது.

காசும் பயணமும் சார்ந்த சலுகைகளில் தடை குறைவு. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. அடுத்த மாதமே அது திருநங்கையருக்கும் விரிந்தது. கலசப்பாக்கம் போன்ற தாலுகா ஊர்களிலிருந்து மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலைக்கு அலுவலக வேலையாகப் போய்வருபவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டமும் திருநங்கையர் தலைமையிலான குடும்பத்தைப் பெண் தலைமைக் குடும்பமாகவே கருதியது.

வேலைக்கோ நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. காவலர் பணிக்குப் பெண்ணாகத் தேர்வான கரூரைச் சேர்ந்த நங்கை என்பவரை, மருத்துவப் பரிசோதனையைக் காட்டிப் பணிநீக்கம் செய்தார்கள். தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் தேசியச் சட்டப் பணிகள் ஆணைய (நால்சா) வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று ஏற்றது. இரண்டே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் நங்கையின் பக்கம் தீர்ப்பளித்தது. விண்ணப்பத்தில் தனக்கான கட்டமே இல்லாததால் நிராகரிக்கப்பட்ட கே. பிரித்திகா யாஷினி, 2015 நவம்பர் தீர்ப்புக்குப் பின் 2017இல் தருமபுரியில் காவல் உதவி ஆய்வாளரானார். திருமணப் பதிவுக்கும் வழக்கே தேவைப்பட்டது: 2019 ஏப்ரல் 22 அன்று அதே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார். தூத்துக்குடிக் கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிய அதிகாரிகள் மறுத்ததால் வந்த வழக்கு அது.

உடலும் அந்தரங்கமும் தொடர்பான இடங்களில்தான் கொள்கை தடுமாறுகிறது. நால்சா தீர்ப்பு தனிப் பொதுக் கழிப்பறை கேட்டது. தூய்மை இந்தியா இயக்கத்தின் 2017 வழிகாட்டுதலோ மூன்றாம் பாலினத்தவர் தாம் விரும்பும் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்றது. இரண்டும் ஒன்றல்ல: முன்னது கட்டடம் எழும்வரை காக்கவைக்கும், பின்னது இன்றே கதவைத் திறக்கும். வெளிநாடுகளிலும் தகராறு இதே இடத்தில்தான். 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்நாட்டின் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது பிறப்பால் அமைந்த பாலினத்தையே சுட்டும் என்றது.

சிறைகளுக்கு ஒன்றிய உள்துறை 2022 ஜனவரியில் அனுப்பிய சுற்றறிக்கை, திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கச் சொன்னது. அது அவர்களை முழுத் தனிமையில் தள்ளிவிடக் கூடாது என்றும் எச்சரித்தது.