டோக்கன் செலவு மதிப்பீடு

காணொளியைச் சுருக்கும் என்கோடர், படத்தின் ஒரு கட்டத்தை எந்த வழியில் எழுதுவது என்று தீர்மானிக்கும் முன், ஒவ்வொரு வழிக்கும் எத்தனை பிட் ஆகும் என்று போட்டுப் பார்க்கும் கணக்கு இது. உருமாற்றமும் குவாண்டமாக்கலும் முடிந்தபின் எஞ்சும் எண்களை, அதாவது குணகங்களை, குறிக்கும் சின்னங்களே டோக்கன்கள். எழுதிப் பார்த்தே எண்ணிவிட்டால் பிழைக்கு இடமில்லை. ஆனால் எல்லாக் கட்டங்களுக்கும் எல்லா வழிகளையும் அப்படிச் சோதிக்க எந்தக் கணினிக்கும் பொறுமை இருக்காது.

அடிப்படைச் சூத்திரம் 1948இல் கிளாட் ஷானன் தந்தது. பாதி வாய்ப்புள்ள சின்னத்துக்கு 1 பிட், கால் வாய்ப்புள்ளதற்கு 2 பிட். வாய்ப்பு குறையக் குறையச் செலவு மடக்கை விகிதத்தில் கூடும். ஆயினும் எம்பெக்-2 காலத்து என்கோடர்களுக்கு இந்த மடக்கைக் கணக்கே தேவைப்படவில்லை. ஒவ்வொரு சின்னத்துக்கும் முழு எண்ணிக்கையிலான பிட்களில் நிலையான குறி இருந்தது. அட்டவணையைப் பார்த்தால் துல்லியமான விடை கிடைத்தது. அந்த விடையை எதற்குப் பயன்படுத்துவது என்பதுதான் அப்போதைய கேள்வி. படத்தின் சிதைவோடு பிட் செலவை ஓர் எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்தம் குறைந்த வழியைத் தேர்வது என்ற லாக்ராஞ்ச் முறையை 1988இல் ஷோஹாமும் கெர்ஷோவும் பிட் பங்கீட்டுக்குக் கையாண்டனர். காணொளித் துறையில் அதைப் பரவலாக்கியதில் சல்லிவனும் வீகாண்டும் 1998இல் எழுதிய கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு.

சிக்கல் எண்கணிதக் குறியாக்கத்தோடு வந்தது. 2003இல் வெளியான எச்.264 தரத்தின் காபாக் என்னும் அத்தகைய முறையில் ஒரு சின்னத்துக்கு அரை பிட்டுக்கும் குறைவாக ஆகலாம். ஒவ்வொரு இலக்கமும் எழுதப்பட்டதும் நிகழ்தகவும் நகரும். எக்ஸ்264 என்கோடர் ஒரு பிட்டை 256 பங்காக்கி, சோதனையின்போது எதையும் எழுதாமல் பங்குகளை மட்டும் கூட்டிக்கொண்டது.

ஆன்2 நிறுவனம் 2008இல் அறிவித்து, கூகுள் 2010இல் திறந்த மூலமாக வெளியிட்ட விபி8 இத்தகைய மதிப்பீட்டுக்குப் பாடநூல் போன்ற எடுத்துக்காட்டு. அதில் 12 டோக்கன்கள் ஒரு மரத்தில் அமைந்துள்ளன. குணகத்தின் மதிப்பு 1 என்றால், ‘இன்னும் உண்டு’, ‘சுழியல்ல’, ‘ஒன்றுதான்’ என மூன்று கிளைகளைக் கடக்க வேண்டும். மூன்றின் செலவையும் கூட்டி, கூட்டல்-கழித்தல் குறிக்காக ஒரு முழு பிட், அதாவது 256 பங்கு, சேர்த்தால் விடை. ஒரு கிளையின் வாய்ப்பு 256இல் 128 என்றால் செலவு 256. 64 என்றால் 512. 255 என்றால் ஒன்றரைக்கும் குறைவு. கட்ட வகை 4, குணகத்தின் இடத்தைக் குறிக்கும் பட்டை 8, முன்னும் அருகும் வந்ததைக் குறிக்கும் சூழல் 3, கிளை 11 என மொத்தம் 1,056 நிகழ்தகவுகள். ஒரு படம் முடியும்வரை இவை மாறாததால், செலவு அட்டவணையை ஒருமுறை நிரப்பினால் போதும்.

நிரப்புவதில் ஒரு நுட்பம் உண்டு. சூழல் 0 என்பது கட்டத்தின் முதல் குணகத்தில் ‘அண்டைக் கட்டங்கள் வெறுமை’ என்று பொருள்படும். பிற இடங்களில் ‘முந்தைய டோக்கன் சுழி’ என்று பொருள். சுழியை அடுத்து முடிவுக்குறி வரவே முடியாது. ஆகவே அங்கே ‘இன்னும் உண்டு’ என்ற முதல் கிளைக்குச் செலவு போடக்கூடாது. போட்டால் சுழிகள் நிறைந்த கட்டங்கள் வீணாக விலை கூடித் தெரியும். மதிப்பீடு மொத்தத்தில் சற்றுப் பிசகினால் பாதகமில்லை. இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்தால்தான் தேர்வு கெடும்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. டோக்கன்களைத் தேர்ந்து எண்ணிய பிறகே அந்தப் படத்துக்கான சரியான நிகழ்தகவுகள் தெரியவரும். தேர்வுக்கோ அவை முன்கூட்டியே வேண்டும். எனவே கையிருப்பில் உள்ள பழைய நிகழ்தகவுகளைக் கொண்டே என்கோடர் கணக்கிடும். பிறகு புதியதை அனுப்ப ஆகும் 8 பிட்டையும் மாற்றக்கொடியின் செலவையும் மிச்சத்தோடு ஒப்பிட்டு, லாபமிருந்தால் மட்டுமே மாற்றும்.

2018இல் வந்த ஏவி1 தரத்தில் இரும மரத்தின் இடத்தைப் பல மதிப்புள்ள சின்னங்கள் பிடித்தன. ஒவ்வொரு சின்னத்துக்குப் பின்னும் அவற்றின் நிகழ்தகவு அட்டவணை தானே திருந்தும். அதற்கு ஈடாகச் செலவு அட்டவணையையும் நொடிக்கு நொடி திருத்துவது கட்டுப்படியாகாது. லிப்ஏஓஎம் என்கோடரில் ஒரு பிட் 512 பங்கு. அட்டவணையைப் பெருங்கட்டம்தோறும், அவற்றின் வரிசைதோறும் அல்லது டைல்தோறும் புதுப்பிக்கலாம், அறவே நிறுத்தியும் வைக்கலாம். எது என்பதை வேகத்துக்கேற்பப் பயனர் அமைத்துக்கொள்கிறார்.