தாளும் குறியீடும்

வால்பாறை மழையில் அலமாரியைத் திறந்தால் புத்தகத்துக்கு முன் பூஞ்சணம் மணக்கும். தாளின் பகை எதுவென நாம் நன்கறிவோம். எனினும் தொண்ணூறுகளில் அச்சான 'தமிழ் கம்ப்யூட்டர்' இதழொன்றை எடுத்து விரித்தால் இன்றும் கண் படித்துவிடுகிறது. அக்காலத்துக் கணினிக் கோப்புகளோ அவ்வாறில்லை.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் எனும் குறியீடுகள் தரமாக்கப்பட்டன. இணையத்தில் டிஸ்கி வழங்கிற்று. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு கூடிய வேளையில் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பழைய எழுத்துரு இல்லாத கணினியில் முந்தைய கோப்பு பொருளற்ற குறிகளின் குவியலே. மாற்றிகள் உள, ஆயின் எது எக்குறியீடென அறிந்தவர் வேண்டுமே!

அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் திருக்குர்ஆனைத் தொகுத்தபோது எழுதப்பட்டவற்றையும் மனனம் செய்தோரின் நெஞ்சங்களையும் ஒருங்கே நாடினார்கள். ஒன்றிருக்க மற்றது எதற்கென அவர்கள் எண்ணவில்லை. ஹதீஸ் ஏடுகளைப் படியெடுத்தோரும் 'முகாபலா' செய்தனர். அதாவது, படியை மூலத்தோடு வரிவரியாக ஒப்புநோக்கினர். சென்னை ரோஜா முத்தையா நூலகம் பழந்தமிழ் நூல்களை நுண்படச் சுருளில் ஏற்றியதையும் இங்கு நினைக்கலாம். அதைப் படிக்க ஒளியும் வில்லையும் போதும், குறியீடு வேண்டா.

நாமறிந்த ஒரு நூலகத்தில் பழைய இதழ்களை ஸ்கேன் செய்தபின் தாள்களை எடைக்குப் போட்டுவிட்டனர். சில பக்கங்கள் விடுபட்டிருந்தது பின்னரே தெரிந்தது. முகாபலா செய்ய மூலம் இல்லை.