ஆனையிறவு வாடிவீடு

வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் பிணைக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பில், கடல்நீரேரியின் கரையில், ஒரு வாடிவீடு இருந்தது. போர் அதனை அழித்துவிட்டது. எனினும் அதன் வரலாறு நாம் ஆராய வேண்டிய ஒன்றாகும்.

அக்கட்டடம் வழிப்போக்கரை வரவேற்க எழுந்ததன்று. வழியைக் காவல்செய்ய எழுந்தது. அது ஒல்லாந்தரின் சிறு கோட்டை. வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் ஆழமற்ற நீரைக் கடந்து இவ்வழியே குடாநாட்டிற்கு ஓட்டிச் செல்லப்பட்டன. இடப்பெயரும் அதனாலேயே அமைந்தது. வன்னியர் தலைவர்கள் திறையாகச் செலுத்திய யானைகள் இந்திய வணிகருக்கு விலையாயின. இலாபம் கும்பெனிக்கு, யானை பிடித்தவனின் பெயர்கூட எஞ்சவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் கோட்டை வாடிவீடாயிற்று. 1905 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திற் பணியேற்க வந்த லெனாட் வூல்ஃப், அநுராதபுரம் வரை புகைவண்டியிலும், அங்கிருந்து ஆனையிறவு வரை மாடுகள் இழுத்த அஞ்சல் வண்டியிலும் காட்டைக் கடந்தார். அதே ஆண்டிலேயே இடைப்பட்ட இருப்புப்பாதை இணைந்தது. இத்தகைய உத்தியோகத்தருக்கே வாடிவீடுகளில் முன்னுரிமை இருந்தது.

அவ்வழியே கால்நடையாக வந்த ஏழை உழவனும் சுமைகாரனும் எங்கே தங்கினர்? ஊரார் கட்டிய மடங்களிலும், கேணிக்கரைகளிலும், தெருவோர மரநிழலிலுமே தங்கினர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக எழுப்பிய சுமைதாங்கிக் கல்லில், முன்பின் அறியாத ஒருவன் தன் பாரத்தை இறக்கி வைத்தான். அரசு தன் அலுவலருக்கு அறை அமைத்தது. மக்களோ பெயரறியாதவனுக்குக் கல் நாட்டினர். விருந்தோம்பல் என்பது இவற்றுள் எது?

காலம் மாறியது, கட்டடத்தின் பழைய பணி மீண்டும் வந்தது. ஆனையிறவு படைத்தளமாயிற்று. 1991 இல் வாடிவீட்டைச் சுற்றியும் கடும் போர் நிகழ்ந்தது. 2000 இல் தளம் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 இல் அரசபடை அதனை மீட்டது. 1990 களின் முற்பகுதியில் இப்பாதை அடைபட்டபோது, மக்கள் இரவிருளில் கிளாலி நீரேரியைப் படகிற் கடந்தனர். சுடப்பட்டு நீரிலே மாண்டவர் பலர்.

இன்று பாதை திறந்திருக்கின்றது. பேருந்துகள் சில நிமிடங்களில் அவ்விடத்தைக் கடக்கின்றன. அங்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கோட்டை கட்டியவனின் பெயரை மட்டும் சொல்லி நின்றுவிடலாகாது. அவ்வழியே நடந்தவர் யார், நடக்கவிடாது தடுக்கப்பட்டவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பாதையின் வரலாறு அதில் நடந்த கால்களின் வரலாறே.