பராக்கு காட்டுதல்

“ஒண்ணும் இல்லடா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.” ஊசி போடும் அறைகளில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பொய் இது. பிள்ளையின் வலியைப் பெரியவர்கள் இல்லையென்று சொல்வதற்கு மருத்துவத்திலேயே ஒரு வரலாறு உண்டு.

பச்சிளம் சிசுவின் நரம்புகள் முதிராதவை, அதற்கு வலி சரியாகத் தெரியாது என்று 1980கள் வரைக்கும் பல மருத்துவர்கள் நம்பினார்கள். மயக்க மருந்து ஆபத்து என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அதனால் தசைகளை அசையவிடாத மருந்தும் லேசான வாயுவும் மட்டும் கொடுத்து அறுவை செய்தார்கள். சிசு அசையவில்லை, ஆகவே வலிக்கவில்லை! இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், 1987இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதை உடைத்தது. இதய அறுவைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளில் ஃபென்டனில் என்ற வலிநிவாரணியும் பெற்றவர்களுக்கு, உடலின் அதிர்ச்சி எதிர்வினைகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

வலி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று. அதைக் குறைக்க மருந்து மட்டும்தானா வழி? 1965லேயே ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் ஒரு விடை வைத்திருந்தார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலிச் செய்தி அதைத் தாண்டித்தான் மூளைக்குப் போகும். அந்தக் கதவை மூளையும் மேலிருந்து சாத்த முடியும் என்றார்கள். அப்படியானால் கவனம் எங்கே இருக்கிறது என்பதும் வலியின் அளவைத் தீர்மானிக்கிறது.

இதை சியாட்டலில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் குழு தீக்காய நோயாளிகளிடம் சோதித்தது. 2000இல் வெளியான முதல் அறிக்கையில் இருந்தவர்கள் இரண்டே பதின்வயதினர். சாதாரண வீடியோ கேமைவிட மெய்நிகர் உலகத்துக்குள் இருந்தபோது அவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. பின்பு ‘ஸ்னோவேர்ல்ட்’ வந்தது: தீயில் வெந்த பிள்ளை, கட்டு மாற்றும்போது பனிப் பள்ளத்தாக்கில் பெங்குவின்கள் மீது பனிப்பந்து எறியும். மருந்தை நிறுத்திவிடவில்லை, மருந்தோடு சேர்த்துத்தான் இதைக் கொடுத்தார்கள்.

நம் பாட்டிகளுக்கு இதற்கு ஒரு சொல் இருந்தது: பராக்கு காட்டுதல். “அதோ பாரு காக்கா” என்பதும் “வலிக்காது” என்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டாவது, பிள்ளைக்குத் தெரிந்த ஒன்றை மறுக்கிறது. ஊசி இறங்கியதும் பொய் அம்பலமாகி, அடுத்த முறை அவன் யாரையும் நம்பமாட்டான். காக்காயைக் காட்டும் பாட்டியோ வலி உண்டு என்று தெரிந்துதான் காட்டுகிறாள்.