பூந்தமல்லிப் பட்டாளமும் தெளிந்த பீரும்



தலைப்பைப் பார்த்து "சாருக்கு என்ன ஆச்சு?" என்று பதற வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் பேசினான். அங்கே வீட்டில் பீர் காய்ச்ச 1978இலேயே சட்டம் இடம் கொடுத்துவிட்டது. "சார், லாகர் தெளிவாத்தான் வருது. வாசனைக்காகக் கடைசியில ஹாப்ஸ் பூவைப் போட்டா கலங்கிடுது. தேத்தாங்கொட்டை பாடம் நடத்தினது நீங்கதானே, ஒரு வழி சொல்லுங்க" என்றான். இங்கே யாரும் முயற்சி செய்ய வேண்டாம். 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் அதற்கு இடம் தராது. என் அண்ணன் சாராயத்தில் போனவர் என்பதும் உறவுகளுக்குத் தெரியும். ஆனாலும் அவன் கேள்விக்குப் பதில் நம் வேலப்பன்சாவடி ரோட்டிலேயே கிடக்கிறது.

இந்த ரோடு போய்ச் சேரும் பூந்தமல்லியில் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தது. சிப்பாய்க்கு மலிவாகக் கிடைத்தது சாராயம். குடித்து ஈரல் கெட்டுச் செத்தவர்கள் ஏராளம். அதற்குப் பதில் பீர் கொடுக்கலாம் என்று பட்டாள அதிகாரிகள் நினைத்தார்கள். மதராஸ் வெயிலில் பீர் காய்ச்ச முடியாது, புளித்துவிடும். இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில்தான் வரவேண்டும். நாலு முதல் ஆறு மாதம், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டவேண்டும்.

அந்தப் பயணத்தைத் தாங்க ஹாப்ஸை அதிகம் போட்டார்கள். அதன் கசப்பு, புளிக்க வைக்கும் கிருமிகளை அடக்கும். காய்ச்சும்போது போட்டது போக, பீப்பாயை மூடுமுன் காய்ந்த பூவை இன்னொரு கை உள்ளே போட்டார்கள். கொதிக்காத பூ என்பதால் வாசனை நிற்கும். இதுதான் ட்ரை ஹாப்பிங். லண்டனில் 'போ' என்ற இடத்தில் மதுவடித்த ஹாட்ஜ்சன் கண்டுபிடித்தது என்பார்கள். அது கதை. வெப்ப நாட்டுக்குப் போகும் பீருக்குக் கூடுதல் ஹாப்ஸ் வேண்டும் என்பது 1760களிலேயே தெரிந்த சங்கதி. 1822இல் பர்ட்டன் ஊர் ஆல்சாப் போட்டிக்கு வந்தபின் ஹாட்ஜ்சன் பாடு திண்டாட்டம்.

பீப்பாய்க்குள் அத்தனை பூ கிடந்தும் எப்படித் தெளிந்தது? மாதக்கணக்கில் கிடந்ததால் ஈஸ்டும் இலைத் தூசியும் அடியில் தங்கின. இங்கே இறக்கி, அசையாமல் வைத்து, மேலாக எடுத்துப் புட்டியில் அடைத்தார்கள். இங்கிலாந்தில் இன்னொரு உபாயமும் உண்டு: மீனின் காற்றுப்பையை ஊறவைத்துக் கலப்பது. நம் மீனவர்கள் கூறல் மீனிலிருந்து எடுக்கிறார்களே, அந்த நெட்டிதான்! 1842இல் ராயில் என்ற மருத்துவர், இந்தியக் கடற்கரைகளில் இதைத் தயாரிப்பது பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். கலங்கிய குளத்துத் தண்ணீருக்கு நம் பாட்டிமார் பானைக்குள் தேத்தாங்கொட்டை இழைத்ததும் இதே வேலைக்குத்தான்.

ஆனால் நெட்டி பிடிப்பது பெரும்பாலும் ஈஸ்டை. என் மாணவனுடையது வேறு கலங்கல். ஹாப்ஸின் துவர்ப்புச் சத்தும் மால்ட்டின் புரதமும் சேர்ந்து, குளிரும்போது பனிமூட்டம் போலத் தெரியும். அதற்கு மருந்தும் குளிர்தான். நொதித்து முடிந்தபின் பூவைத் துணிப்பையில் இரண்டு மூன்று நாள் போட்டு எடுத்துவிட்டு, உறையாத அளவுக்கு 0 டிகிரியை ஒட்டிக் குளிரவைத்து ஓரிரு வாரம் விட வேண்டும். தேவையானால் அப்போது கொஞ்சம் ஜெலட்டின். பிறகு அடியைக் கலக்காமல் மேலாக இறக்கவேண்டும். லாகர் என்ற ஜெர்மன் சொல்லுக்கே சேமித்து வைப்பது என்று பொருள்.

குளிர்தான் இங்கே இல்லாத சரக்கு. அதுவும் கப்பலில் வந்தது. அமெரிக்க ஏரிப் பனிக்கட்டியை அடுக்கி வைக்கக் கட்டியதுதான் மெரினா ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம். அப்புறம் குளிரைத் தேடி நீலகிரியில் மதுவடிக்கும் ஆலைகள் வந்தன. 1915இல் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்கினார்.

இத்தனை பாடும் வெள்ளைக்காரச் சிப்பாயைச் சாராயத்திலிருந்து காப்பாற்ற. நம் ஆளுக்கு அதே சாராயத்தைக் குத்தகைக் கடை வைத்து விற்று, ஆப்காரி வரி வசூலித்தது அதே சர்க்கார். 1948இல் மாகாணம் முழுக்க மூடினார்கள். 1971இல் மறுபடி திறந்தபோது அண்ணனுக்கு வயது 22.