தற்காலிக மருத்துவக் காப்பீடு (கலிஃபோர்னியா)

அமெரிக்காவில் ஒரு வேலை போய் அடுத்த வேலை கிடைக்கும்வரை கைகொடுப்பதற்கென விற்கப்படும் குறுகிய காலப் பாலிசியே தற்காலிக மருத்துவக் காப்பீடு. 2010-ஆம் ஆண்டின் ஒபாமாகேர் சட்டம் இதற்குப் பொருந்தாது. எனவே விண்ணப்பித்தவரின் உடல்நிலையைப் பார்த்து நிறுவனம் மறுக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பிரசவத்துக்கும் பணம் தராமல் இருக்கலாம். பிரீமியம் குறைவாக இருப்பதன் காரணம் இதுதான்.

இந்தப் பாலிசி எவ்வளவு காலம் நீடிக்கலாம் என்ற மத்திய அரசின் விதி ஆட்சிக்கு ஆட்சி மாறியது. 2016-இல் 3 மாதத்துக்குள் என்றிருந்த வரம்பு, 2018-இல் புதுப்பித்தலோடு 36 மாதமாக விரிந்து, 2024-இல் 4 மாதமாகச் சுருங்கியது. மாநிலங்கள் இதைவிடக் கடுமையாக நடந்துகொள்ளலாம். நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் இத்தகைய பாலிசி விற்பனைக்கே இல்லை. கலிஃபோர்னியா 2019 ஜனவரி 1 முதலும் இல்லினாய் 2025 ஜனவரி 1 முதலும் இதைத் தடை செய்தன. நீரிழிவோ இதய நோயோ உள்ளவருக்கு இந்தத் தடையால் இழப்பு ஏதுமில்லை. அவருக்கு அந்தப் பாலிசி உதவியிருக்கப் போவதில்லை.

கலிஃபோர்னியாவில் இடைவெளியை அடைக்க முதலில் பார்க்க வேண்டியது கோப்ரா. 20 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் வேலை இழந்தவர், அதே காப்பீட்டை 18 மாதம் தொடர இது வழிசெய்கிறது. முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து, முழு பிரீமியத்தில் 102 சதவீதம் வரை அவரே கட்ட வேண்டும். சிறிய நிறுவனங்களுக்கு மாநிலத்தின் கால்-கோப்ரா உண்டு. செலவு அதிகம்தான். ஆனால் முடிவெடுக்க 60 நாள் அவகாசம் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மார்ச் 31-இல் காப்பீடு முடிந்த ஒருவர் ஏப்ரல் 20-இல் விழுந்து காலை முறித்துக்கொண்டால், அதன் பிறகு கோப்ராவைத் தேர்ந்தாலும் அது ஏப்ரல் 1 முதலே செல்லும். ஏப்ரல் பிரீமியத்தைக் கட்ட வேண்டும். மருத்துவமனைக்குக் கையிலிருந்து கொடுத்துப் பிறகு திரும்பப் பெறவும் நேரலாம். ஒன்றும் ஆகாவிட்டால் கட்டாமலே விட்டுவிடலாம்.

இதற்கிடையே, மாநிலக் காப்பீட்டுச் சந்தையான கவர்டு கலிஃபோர்னியாவில் பதிந்துகொள்வது அவசியம். காப்பீடு போனதிலிருந்து 60 நாளுக்குள் பதியலாம். ஏப்ரல் 3-இல் தேர்ந்த திட்டம் மே 1-இல் தொடங்கும். வருமானம் மிகக் குறைந்துவிட்டால் அரசின் மெடி-கால் திட்டத்துக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். 26 வயது நிரம்பாதவர் பெற்றோரின் பாலிசியில் சேரலாம்.

ஒரு கண்ணி உண்டு. கோப்ராவைச் சில மாதம் கட்டி, 60 நாள் கெடு தாண்டிய பின் பிரீமியம் தாங்காமல் தாமாக நிறுத்தியவருக்குச் சந்தையில் சிறப்புப் பதிவு கிடைக்காது. அடுத்த பொதுப் பதிவுக் காலம்வரை காத்திருக்க வேண்டும். 2020 முதல் காப்பீடு இல்லாதவருக்கு மாநிலம் வரியோடு அபராதமும் விதிக்கிறது. தொடர்ந்து 3 மாதத்துக்கு மேற்படாத இடைவெளிக்கு விலக்கு உண்டு.