தேயிலை விளம்பரமும் அதன் பயனும்: ஒரு வரலாற்று நோக்கு

விளம்பரம் வணிகத்தைப் பெருக்குமா என்னும் வினா இணையப் பதாகைகளோடு பிறந்ததன்று. 1994 ஒக்டோபர் 27ஆம் நாள் 'ஹொட்வயர்ட்' இணையத்தளத்தில் பதாகை விளம்பரங்கள் தோன்றியபொழுது, அவற்றுள் ஒன்றைக் கண்டோரில் 44 வீதத்தினர் அதனைச் சொடுக்கினர் எனக் கூறப்படுகின்றது. இன்றோ அவ்வெண்ணிக்கை சராசரியாக ஒரு வீதத்தைக்கூட எட்டுவதில்லை. சொடுக்கியோர் யாவரும் பொருளை வாங்கினர் என்று கொள்வதற்குமில்லை. இதே சிக்கலை நமது தேயிலைத் தொழில் பல்லாண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டது.

1890இல் இலங்கையிலே தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் வெற்றியை விளம்பரத்துக்கே உரித்தாக்குவோர் உளர். அவர் விளம்பரத்தில் வல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இடைத்தரகரை விலக்கி விலையைக் குறைத்தமையும், தம் சொந்தக் கடைகளிற் சிறு பொதிகளாக விற்றமையும் அவ்வெற்றிக்குக் காரணங்களேயாம்.

1930களின் நிலைமை இதனினும் சிக்கலானது. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்த வேளையில், 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை நிறுவப்பட்டது. ஏற்றுமதித் தேயிலை மீது விதிக்கப்பட்ட தீர்வையே அதன் செலவுக்கு முதலாயிற்று. அடுத்த ஆண்டே இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகியன உடன்படிக்கை செய்து ஏற்றுமதியை மட்டுப்படுத்தின. விலை மீண்டது. சுவரொட்டியாலா, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டாலா? சந்தைக்கு வரும் சரக்குக் குறைந்தால் விலை உடனே உயரும். குடிப்பழக்கமோ மெல்லவே மாறும். எனவே கட்டுப்பாட்டுக்கே முதன்மை தருதல் தகும் என்பது என் கருத்து. 1935இல் சர்வதேசத் தேயிலைச் சந்தை விரிவாக்கச் சபை தோன்றியபின் நெடுங்காலப் பிரசாரத்தால் விளைந்த பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் அதனைத் தனியே பிரித்தளத்தல் அரிது.

இச்செலவை உண்மையிற் சுமந்தவர் யாவர்? 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தோட்டத் தொழிலாளர் பெற்ற குறைந்தபட்ச வேதனம் அம்மந்த காலத்திலேயே குறைக்கப்பட்டது. தோட்டங்கள் நட்டத்தைக் காட்டிக் கூலியைக் குறைத்த அதே ஆண்டுகளிற்றான் பிரசாரத்துக்குப் பணம் திரட்டப்பட்டது. விளம்பரத்தின் பயனை ஆராய்வோர் பெரும்பாலும் இப்பக்கத்தைப் புரட்டுவதில்லை.

எங்கள் வட்டவளையின் பெயரே இன்று தேயிலைப் பொதியொன்றில் இடம்பெற்றுள்ளது. இந்நாட்டில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் அதுவும் ஒன்று. தேயிலைப் பதாகைகளில் வரும் கொழுந்து பறிக்கும் பெண்ணோ எப்பொழுதும் வெயிலிலேயே நின்று சிரிக்கிறாள்; அவள் இடுப்பிற் படங்கும் இல்லை.